ஏழு வருடம் கழித்து ஒரு குடும்பம் ஆலயத்துக்கு வந்தது, அடுத்த வாரம் வரவில்லை. எங்கே தவறினோம்?

வாசலருகே எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வாரமாக மனம் ஆறாமல் இருக்கிறேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சபையில் வீடு சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். ஏழு வருடமாக ஆலயத்தின் பக்கமே வராத ஒரு குடும்பம் போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வந்தது. கணவன், மனைவி, பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண். நாங்கள் யாரும் அழைக்கவில்லை, தாங்களாகவே வந்தார்கள். முதல் பாட்டு முடிகிற நேரத்தில் உள்ளே நுழைந்து, கதவை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் முனையை விரலால் தேய்த்தபடியே இருந்தார். பிரசங்கம் தொடங்குமுன் வழக்கம்போல் பிள்ளைகளை ஞாயிறு பள்ளி அறைக்கு அனுப்பிவைத்தோம்.

ஆராதனை முடிந்ததும் எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளாளுக்குப் போய்க் கைகொடுத்தோம். "அடடா, எத்தனை வருடமாயிற்று! இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று நானே கேட்டேன். என்னைப்போல் ஏழெட்டுப் பேராவது அதையே கேட்டிருப்போம். அந்த அம்மா சிரித்தார். ஆனால் அவருடைய கை மகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதன்பின் வரவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன். "வருகிறோம் அக்கா" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். சபைக் கூட்டத்தில் வரவேற்பு மேஜை போடலாம், பரிசுப் பை கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்கள் இங்கே இருந்தால், உங்களைத் தங்கவைத்தது எது, துரத்தியது எது என்று சொல்லுங்கள்.

கடைசி இருக்கை எழுதியது:

அக்கா, நான் பதினொரு வருடம் கழித்துத் திரும்பியவன். நீங்கள் அன்பாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் "எங்கே போயிருந்தீர்கள்" என்ற கேள்விக்கு, வாசலில் நின்றுகொண்டு நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய பதில் என்னைப் போன்றவர்களிடம் இருக்காது.

நான் விட்டுப்போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாரோடும் சண்டை இல்லை, விசுவாசமும் போகவில்லை. வேலையில் ஞாயிறு ஷிஃப்ட் போட்டார்கள். அதே சமயத்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். நான்கு ஞாயிறு போகவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. ஐந்தாவது ஞாயிறு போகலாம் என்று சட்டையை எடுத்து மாட்டிய பிறகு, என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். அந்த வெட்கம்தான் பதினொரு வருடமாக வளர்ந்தது. வருடம் ஏற ஏற, சொல்லவேண்டிய விளக்கமும் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் போகாமலே இருப்பது சுலபமாகிவிடும்.

திரும்பி வந்தது ஒரே ஒரு மனிதரால். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடியவர். ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து அப்பாவைப் பற்றிக் கேட்பார். அப்பா இறந்தபோது வந்து, அடக்கம் முடியும்வரை கூடவே நின்றார். அதற்கும் எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்: "ஞாயிறு காலை உங்கள் தெருமுனையில் நிற்கிறேன். உள்ளே போய்ப் பாதியில் எழுந்து வரவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், நானும் கூட எழுந்து வந்துவிடுகிறேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் போனேன். முதல் வாரம் உண்மையிலேயே பாதியில் எழுந்தேன். அவரும் எழுந்து வந்தார். வெளியே மதிற்சுவர் ஓரமாக இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்தேன்.

பழைய செயலர் எழுதியது:

சகோதரி, உங்கள் பாரம் புரிகிறது. ஆனால் எல்லாத் தவற்றையும் சபையின் தலையிலேயே போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எபிரெயர் 10:25 தெளிவாக இருக்கிறது, சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. பதினெட்டு வருடம் செயலராக இருந்து பதிவேட்டைப் பார்த்தவன் நான். வாராவாரம் வந்து நாற்காலி போடுகிற குடும்பங்களை யாரும் கொண்டாடுவதில்லை. ஏழு வருடம் கழித்து வந்தவர்களிடம் "எங்கே இருந்தீர்கள்" என்று கேட்பதே குற்றம் என்றால், உறுப்பினர் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எல்லாவற்றையும் மென்மையாக்கிக்கொண்டே போனால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

அமைதியான மூலை எழுதியது:

ஐயா, எங்கள் காரணத்தையும் கேளுங்கள். என் மகனுக்கு ஆட்டிசம். ஒலிபெருக்கியில் கீபோர்டு தொடங்கும் அந்த நொடியில் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பும். ஒருநாள் ஒருவர் வந்து, "வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நாங்கள் நான்கு வருடம் வெளியேவே இருந்துவிட்டோம்.

இப்போது வேறொரு சபைக்குப் போகிறோம். அங்கே போவதற்கு முந்தின வாரம் ஒரு சகோதரி போன் செய்து, மகனுக்கு எது கஷ்டம், எது பிடிக்கும் என்று கேட்டார். ஆராதனையின் ஒழுங்கைப் படம் படமாக வரைந்து ஒரு தாளில் அனுப்பினார்: உட்காருகிறோம், பாடுகிறோம் (சத்தமாக இருக்கும்), ஜெபம் (அமைதி), வாசிப்பு, மறுபடியும் பாட்டு. பக்கவாட்டுக் கதவுக்கு அருகே எங்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி இருக்கும் திசையைத் தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். மகன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்த ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தான். நான் அன்றைக்கு அழுததை யாரும் பார்க்காதபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

செயலர் ஐயாவின் கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் போதகராக இருந்து, நானும் அந்த 25-ஆம் வசனத்தைப் பிரசங்கத்தில் பலமுறை வீசியிருக்கிறேன். வீசினேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிற்பாடுதான் 24-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்தேன். இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்று தொடங்கி, அதன் தொடர்ச்சியாகத்தான் சபை கூடிவருதலை விடாதிருங்கள் என்று வருகிறது. கடைசி இருக்கை தம்பி நான்கு ஞாயிறு வராதபோது அவரை யார் கவனித்தார்கள்? கட்டளையின் முன்பாதியைச் சபை மீறிவிட்டு, பின்பாதியை மட்டும் அவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆதித் திருச்சபைக்கு இந்தச் சிக்கல் நம்மைவிடப் பல மடங்கு கடுமையாக வந்தது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினான். ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் இவர்கள் ஆலய வாசலில் வந்து நின்றார்கள். ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பர், இவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று சபையைப் பிரித்துக்கொண்டு போனார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரின் பேராயர் சிப்ரியான், 251-இல் மற்ற பேராயர்களைக் கூட்டி வேறு முடிவு எடுத்தார். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காமல், ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்பது. சான்றிதழ் மட்டும் வாங்கியவருக்கு ஒரு வழி, பலியிட்டவருக்கு நீண்ட மனந்திரும்புதலின் வழி. கதவு எவருக்கும் நிரந்தரமாக மூடப்படவில்லை. துன்புறுத்தல் நடந்தபோது சிப்ரியான் தாமே தலைமறைவாக இருந்தவர், அதற்காகப் பழிச்சொல்லும் கேட்டவர். பின்னர் 258-இல் இரத்தசாட்சியாக இறந்தார். பயம் என்றால் என்னவென்று அறிந்த ஒருவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவை வெளிப்படையாக மறுதலித்தவர்களுக்கே இப்படி உட்கார்ந்து கேட்டார்கள். வாசலருகே சகோதரி சொல்லும் குடும்பம் ஏழு வருடம் வரவில்லை, அவ்வளவுதான்.

எம்மாவு வழியைப் பாருங்கள், லூக்கா 24. இயேசு சிலுவையில் இறந்துவிட்டார் என்ற துக்கத்தில் இரண்டு சீடர்கள் எருசலேமை விட்டு எம்மாவு என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு அவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் போகிற திசையிலேயே, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம் போகும் வழியில், கூடச் சேர்ந்து நடக்கிறார். முதலில் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதும் கொட்டுகிறார்கள். "நாங்கள் நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். அதையும் கேட்டுக்கொள்கிறார். வேதவாக்கியங்களை விளக்குவதும், கண்டிப்பாகப் பேசுவதும் அதற்குப் பிறகுதான். அன்று இரவே அவர்கள் தாங்களாகவே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள்.

ஆகவே செயலர் ஐயா, அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆலய வாசலில் எட்டுப் பேர் கேட்பதற்குப் பதிலாக, அவர்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த ஒருவராக அவர் இருக்கட்டும்.

பதில் தேடுகிறேன் எழுதியது:

இந்த இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை, மன்னியுங்கள். நான் கத்தோலிக்கப் பெண். முதல் திருமணம் கோவிலில் நடந்து, நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. இப்போதைய திருமணம் பதிவுத் திருமணம். நான் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவள் என்று உறவினர்கள் சொன்னதால் ஒன்பது வருடமாகத் திருப்பலிக்குப் போகவில்லை. எட்டு வயது மகளுக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கும் இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. கேட்கப் போனால் என்ன சொல்வார்கள்?

பங்குப்பணியாளர் எழுதியது:

சகோதரி, முதலில் ஒன்று: நீங்கள் விலக்கப்பட்டவர் அல்லர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையின் 84-ஆம் எண்ணில், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தவர்கள் தங்களைத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்களாக எண்ணாதபடி மேய்ப்பர்களும் விசுவாசிகளும் அக்கறையோடு உதவவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். திருப்பலிக்கு வரலாம், செபிக்கலாம், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கலாம். வாருங்கள் என்றே அந்த ஏடு அழைக்கிறது. ஒன்பது வருடம் ஒரு தவறான சொல்லை நம்பித் தள்ளி நின்றிருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நற்கருணை வாங்குவது தனிக் கேள்வி. முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் அறிவிக்காத நிலையில் அதே ஏடு அதற்குத் தடை சொல்கிறது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஊக்கவுரை, ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியாகத் தெளிந்து தேர்ந்து உடன் நடக்கவேண்டும் என்று குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. எனவே பங்குத்தந்தையோடு நிதானமாக உட்கார்ந்து பேசவேண்டும். மணச் செல்லாநிலை வழக்கைக் கண்டு பயப்படாதீர்கள். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைத் தரவேண்டியிருந்தது. 2015-இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின், மேல்முறையீடு இல்லையென்றால் முதல் தீர்ப்பே போதும்.

பிள்ளைகள் விஷயத்தில், கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்கத் திருச்சபைச் சட்டம் 868 கேட்பது இரண்டு: பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்கவேண்டும், கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்கவேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லையென்றால்கூடத் தள்ளிவைக்கச் சொல்கிறதே தவிர, மறுக்கச் சொல்லவில்லை. ஏழு வயது நிறைந்தவர்களைச் சட்டம் புத்தி விவரம் வந்தவர்களாகக் கருதுகிறது. ஆகவே உங்கள் மகள் தானே விரும்பி, அவள் வயதுக்கேற்ற மறைக்கல்வி பெற்றுத் திருமுழுக்கு பெறுவாள். அவளிடமும் கேளுங்கள்.

போகும்போது முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். திருப்பலி முடிந்த நெரிசலில், பூசை உடையோடு நிற்கும் குருவிடம் இதை ஆரம்பிக்க வேண்டாம். முதல் திருமணச் சான்றும், விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் கையில் இருக்கட்டும்.

பதில் தேடுகிறேன் எழுதியது:

நன்றி ஐயா. இதைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். வியாழக்கிழமை நேரம் கேட்டு போன் செய்கிறேன்.

பதினேழு வயது எழுதியது:

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் எழுதுகிறேன். நாங்களும் இடையில் நான்கு வருடம் போகாமல் இருந்து திரும்பிய குடும்பம்தான். அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் எல்லாரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். போன வருட முகாமில் நடந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பேன். அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருநாள் "இந்தக் கேபிளைப் பிடி" என்றார். அதற்குப் பிறகுதான் ஞாயிறு காலையில் நானே எழுந்திருக்க ஆரம்பித்தேன்.

மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

வாசலருகே சகோதரிக்கு ஒரு கேள்வி. நீங்கள் அந்தத் தாயின் முகத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் வகுப்பறையிலிருந்து வெளியே வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா? பையனை எந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள்?

இருபது வருடமாகக் கற்பிக்கிறேன். திரும்பி வரும் குடும்பங்களில் பாதி முடிவு அந்த அறையில்தான் நடக்கிறது என்று நம்புகிறேன். பெரியவர்களுக்குத் தங்கள் சங்கடத்தை மறைக்கத் தெரியும். வளரும் வயதுப் பையனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பது தனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அடுத்த ஞாயிறு அவனுக்கு வயிற்றுவலி வரும்.

2020-இல் பெருந்தொற்றுக்காக ஆலயங்களை மூடிய பிறகு எனக்கு இது இன்னும் நன்றாகப் புரிந்தது. பிறந்ததிலிருந்து ஆலயத்துக்குள்ளேயே வராத குழந்தைகள், திரையில் மட்டும் திருப்பலியைப் பார்த்த குழந்தைகள் வந்தார்கள். எப்போது எழுந்து நிற்பது என்றே தெரியாது. அதனால் வழக்கத்தை மாற்றினேன். யாரையும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. எவ்வளவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவரவர் வயது வகுப்பில்தான் உட்காருவார்கள். முதல் மாதம் முழு வகுப்பையும் ஆலயத்துக்குள் அழைத்துப்போய் வரைபடம் போட வைக்கிறேன்: திருமுழுக்குத் தொட்டி எங்கே, வாசக மேடை எங்கே, எதற்காக. வருடக்கணக்காக வருகிற பிள்ளைகளுக்கே பாதி தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்படும். புதியவனும் பழையவனும் ஒரே தாளில் குனிந்துகொண்டிருப்பார்கள்.

மௌனமாக இருந்தவள் எழுதியது:

வெட்கத்தாலும் வேலையாலும் விட்டுப்போனவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள். சபையில் பொறுப்பில் இருந்த ஒருவரால் காயப்பட்டு விட்டுப்போன குடும்பங்களும் உண்டு. நான் அப்படி ஒரு குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு அன்பாகப் பேச வந்தவர்கள் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று தொடங்கினார்கள். என் தாய் கதவைச் சாத்தினார்.

வீடு சந்திக்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டால் அழைப்பை அத்தோடு நிறுத்துங்கள். திரும்ப வரச் சொல்லாதீர்கள். நம்புங்கள், காவல்துறையில் புகார் கொடுக்கக் கூட நில்லுங்கள், அந்த மனிதர் இன்னும் பிள்ளைகள் நடுவே இருக்கிறாரா என்று பாருங்கள். நாங்கள் எப்போதாவது திரும்புவதும் திரும்பாததும் எங்கள் விருப்பம்.

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எம்மாவைப் பற்றி நான் எழுதியது உங்கள் வீட்டு வாசலுக்குப் பொருந்தாது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் குறை.

பழைய செயலர் எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருந்த பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். மூன்று வருடம் தொடர்ந்து வராதவர்களுக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகல் அதில் இருந்தது. காணிக்கைப் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று நான்கு வரி. "நலமா" என்ற ஒரு சொல் அதில் இல்லை. கடைசி இருக்கைத் தம்பியைப் போல ஒருவர், அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து அந்தக் கடிதத்தைப் பிரித்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கூடிவருவது கடமை என்பதில் நான் மாறவில்லை. 2 கொரிந்தியர் 2-இல் பவுல், தண்டிக்கப்பட்ட ஒருவனைக் குறித்து, "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். ஒழுங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வரியையும் சேர்த்தே நான் சொல்லியிருக்கவேண்டும். நீக்கிய பெயர்களின் பட்டியலும் கோப்பில் இருக்கிறது. நடக்க முடிந்த தூரத்தில் ஐந்து வீடு.

வாசலருகே எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மறைக்கல்வி ஆசிரியை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. புதன்கிழமை மாலை, போன் செய்து கேட்டுவிட்டு, தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லை எடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு போனேன்.

வாசலில் நான் கேட்ட கேள்விக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, "அது ஒன்றும் இல்லை அக்கா" என்றார். அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் மனம் புண்பட்டதாக அவர் நினைத்திருக்கிறார். அவருக்குத்தான் மனமில்லை என்று மனைவி நினைத்திருக்கிறார். இருவரும் மூன்று வாரமாக அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்போது அந்தச் சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னாள்: "அன்றைக்கு அண்ணனும் என் வகுப்பில்தான் இருந்தான்!"

பெற்றோர் இருவருக்கும் அது அதுவரை தெரியாது. பையனை அவன் வயது வகுப்பில் எழுப்பி, பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரைக்கும் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். யாரோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வரட்டும் என்று அவனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு, குட்டி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருமணி நேரம் முழங்கால் மடங்கி மார்பைத் தொட அவன் உட்கார்ந்திருந்த அந்த அறைக்கு வெளியேதான் நாங்கள் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவன் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. எழுந்துபோய் வாசலில் நின்று, "தம்பி, நாங்கள் செய்தது தவறு. அந்த வகுப்பில் உன்னை உட்கார வைத்திருக்கக் கூடாது" என்றேன். அவன் எதுவும் சொல்லவில்லை. நான் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. கிளம்பும் நேரத்தில் அவனே வெளியே வந்து, "அந்த மணியை யார் அடிக்கிறார்கள்?" என்று கேட்டான்.

எங்கள் ஆலய மணியை ஒரு பெரியவர் பல வருடமாக அடிக்கிறார். நேற்று அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை மாலை, ஆலயத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பையனை அழைத்துவரச் சொன்னார். அப்பாவும் கூட வருகிறாராம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களோடு பேசவேண்டியது இன்னும் மீதி இருக்கிறது, அடுத்த வாரம் உட்காருகிறோம். மறைக்கல்வி ஆசிரியை எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மணிக்கயிறு ரொம்பக் கனமாக இருக்குமா என்று பையன் கேட்கிறானாம்.